துரையின் துரைத்தனம்

நம் வீட்டு நாய்க்குத் துரை என்று பெயர். பெயர் சூட்டியது நாம் அல்ல. நமது புதல்வனின் கைங்கரியம் அது. நாலு வருஷத்துக்கு முன், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பஞ்சுப் பொதி போல் வந்து சேர்ந்த அந்த ஜந்து, முதல் நாள் மாலையே நமது சாய்வு நாற்காலியில் ஏறி அமர்ந்துகொண்டது. நாம் அருகே சென்றதும் 'உர்ர்' என்றது. "அப்பா, துரை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்!" என்று பையன் கைகொட்டிக் கூவினான். வீட்டார் அனைவரும் சிரித்தோம். நாம் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தோம். தேசத்தில் துரைகள் 1947-லேயே நாற்காலியைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். நம் வீட்டில் மட்டும் துரைத்தனம் அன்றைக்குப் புதிதாக ஸ்தாபிதமாயிற்று.

நாம் உபாத்தியாயர் என்பதை நேயர்களிடம் மறைக்க முடியாது; எப்படியும் எழுத்தில் தெரிந்துவிடும். இருபது வருஷமாகப் பிள்ளைகளை மேய்த்து வருகிறோம். ஐம்பது பையன்கள் இருக்கும் வகுப்பில் நாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே நிசப்தம் உண்டாகும். சர்வகலாசாலையில் மனோதத்துவம் வாசித்தோம், பரீட்சையிலும் தேறினோம். மணியோசை கேட்டதும் நாய்க்கு வாயில் நீர் ஊறச் செய்தாரே ருஷ்யாவில் பாவ்லாவ் என்ற பண்டிதர், அவரைப் பற்றிப் பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் விடை எழுதியிருக்கிறோம். அப்பேர்ப்பட்ட நம்மைத்தான் ஒரு சாண் உயரமுள்ள நாய் நாற்காலியிலிருந்து கீழே இறக்கிவிட்டது. அதை நாம் தோல்வியாகவே கருதவில்லை. வேடிக்கை என்று கருதினோம். அந்த ஒரு சொல்லால் பின்னால் எவ்வளவு விபரீதம் விளைந்தது என்பதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறோம்.

துரையின் ஜாதி பொமரேனியன் என்று விற்றவர் சொன்னார். நம் ஊர்களில் சடை நாய் என்பார்கள். உண்மையில் நம் நாட்டில் பொமரேனியன் என்று வழங்கும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' என்ற ஹிந்திப் படத்தில் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவராக இருந்ததே, அந்த வகைதான். அசல் பொமரேனியனின் பூர்வோத்தரம் இன்னும் சுவாரஸ்யமானது. வட ஐரோப்பாவில் பால்டிக் கடற்கரையை ஒட்டிய பொமரேனியா பிரதேசத்திலிருந்து வந்த அதன் மூதாதைகள் நல்ல ஆகிருதியுள்ள நாய்கள். 1888-ல் விக்டோரியா மகாராணி இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனபோது சின்ன உருவமுள்ள சிலவற்றைக் கண்டு மோகித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தாள். ராணி கொண்டால் சீமையே கொள்ளும் அல்லவா? அதன் பிறகு வரவர அந்த நாயைச் சிறிதாக்கிக்கொண்டே போனார்கள்.

சிறிதாக்கினார்கள் என்றால் எதை? உடம்பை மட்டுந்தான். நாய்களின் உருவத்தைச் சிறிதாக்குவதில் ஒரே ஒரு ஜீனின் மாறுதலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007-ல் விஞ்ஞானிகள் கண்டு பிரசுரித்தார்கள். உடல் குறுகியதே தவிர, அதற்குள் இருக்கும் நாய் குறுகவில்லை. பயம், கோபம், 'இது என் இடம்' என்ற எண்ணம், எச்சரித்துப் பார்த்துப் பலிக்காவிட்டால் கடிப்பது எல்லாம் முழு அளவிலேயே இருக்கின்றன. ஒரு பெரிய கிரந்தத்தைப் பொடி எழுத்தில் கையடக்கப் பதிப்பாக அச்சிட்டால் அத்தியாயம் குறைந்து விடுமா என்ன?

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஸுபேதார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வீரன் என்று ஒரு ராஜபாளையம் நாய் உண்டு. 2005-ல் தபால் தலையில் அச்சிட்டார்களே, அதே ஜாதி. பால் வெள்ளை நிறம். ரோஜா நிற மூக்கு. எழுந்து நின்றால் தொடைக்கு மேல் உயரம். ஸுபேதார் "உட்கார்" என்றால் உட்காரும். "இரு" என்றால் அவர் தெருக்கோடிக் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வருகிறவரை வாசற்படியை விட்டு நகராது. ஆனாலும் தெருவில் உள்ளவர்கள் வீரனைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு ஒதுங்கிப் போவார்கள். நம் துரையைக் கண்டாலோ குனிந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள். 'வாத்தியார் வீட்டுப் பொம்மை' என்று அவனுக்குத் தெருவில் பிரக்யாதி.

வீரன் ஒருநாள் தபால்காரரைப் பார்த்து உறுமினான். அன்றைக்கே ஸுபேதார் ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்டு, தபால்காரரிடமே ரொட்டித் துண்டைக் கொடுத்துத் தூரத்திலிருந்து போடச் சொல்லி, இருவரையும் சிநேகிதர்களாக்கினார். துரை தினந்தோறும் அதே தபால்காரரின் கால்சட்டையைப் பற்றி இழுத்தான். நாம் என்ன செய்தோம்? "தபாலாபீசுக்கே பயப்படாத வீரர்!" என்று பரிகாசம் பேசிச் சிரித்தோம். பாவம், தபால்காரரும் மரியாதைக்காகச் சிரித்தார். வீரன் யார் மேலாவது தாவியிருந்தால் முனிசிபாலிடிக்கு மனுப் போயிருக்கும். துரை தாவினால் 'ஆசையாகத் தாவுகிறான்' என்று வியாக்கியானம் செய்தோம். கூடத்து மூலையில் அவன் அசுத்தம் செய்தால் அரைக் கரண்டித் தண்ணீர்தானே என்று பழைய துணியால் துடைத்தோம். சின்ன நாய்க்கு மூத்திரப் பையும் சின்னது. ஆகையால் பெரிய நாயைவிட அதிக தடவை அதை வெளியே அழைத்துப் போகவேண்டும் என்ற கணக்கு நமக்குத் தோன்றவேயில்லை. வாசலுக்குப் போனாலும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவோம். அவன் கால் மண்ணில் பட்டதே அபூர்வம். வருஷா வருஷம் போடவேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசியைக் கூட, 'இவன் எங்கே வெளியே போகிறான்?' என்று மூன்று மாதம் தள்ளிப் போட்டிருந்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நவராத்திரியின்போது நடந்தது இது. நம் வீட்டில் ஏழு படிக் கொலு. அன்று ஐந்தாம் நாள். பிற்பகலிலிருந்தே பெண்டுகளும் குழந்தைகளும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டு, சலங்கை, பட்டுப் பாவாடைகளின் சரசரப்பு, சுண்டல் பாத்திரத்தின் ஓசை! துரை நாலு மணி வரையில் குலைத்தான். அப்புறம் குலைக்கத் தெம்பில்லாமல் கூடத்துப் பெஞ்சியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான். இவையெல்லாம் நாய்ப் பாஷையில் 'எனக்குப் பயமாயிருக்கிறது. தயவு செய்து விட்டுவிடுங்கள்' என்று அர்த்தம். நமக்கு அப்போது அந்தப் பாஷையில் அட்சராப்பியாசம் கூட ஆகியிருக்கவில்லை.

அண்டை வீட்டுப் பெண் குழந்தைக்கு அப்போது ஏழு வயது. தன் தோழிக்குத் துரையைக் காட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெஞ்சியின் அடியில் கையை நீட்டினாள். துரை உறுமினான். குழந்தை கையை இழுத்துக்கொண்டு நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

நாம்தான் சொன்னோம்: "துரைக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது! பரவாயில்லை, தூக்கிக்கொள் அம்மா. ஒன்றும் செய்யமாட்டான்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள். வாத்தியார் மாமா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. இரண்டு கையாலும் துரையை இழுத்துத் தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவதற்காக முகத்தருகே கொண்டுபோனாள். அடுத்த கணம் மேலுதடு கிழிந்து, பட்டுப் பாவாடை முழுவதும் இரத்தமாயிற்று.

பெரிய நாயை யாரும் அப்படித் தூக்கி முகத்தில் வைத்துக்கொள்வதில்லை. சின்ன நாயைத்தான் தூக்குகிறோம். தூக்கி, அதன் பல்லைக் குழந்தையின் கண்ணுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

நமது சகதர்மிணிக்குத்தான் அந்த வேளையில் புத்தி இருந்தது. குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, சோப்பு நுரைக்க நுரைக்கக் கால்மணி நேரம் காயத்தை ஓடும் நீரில் கழுவினாள். வெறிநாய்க்கடி விஷயத்தில் முதல் மருந்து அதுதான். மஞ்சளும் காப்பிப் பொடியும் அப்பலாம் என்று யோசனை கூறியவர்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரி. நாய் நம் வீட்டு நாய்தான் என்றாலும், தடுப்பு ஊசி காலம் கடந்துவிட்டது என்று டாக்டரிடம் நம் வாயாலேயே சொல்லவேண்டி வந்தது. முகத்தில் இரத்தக் காயம் என்றால் மூன்றாம் தரக் கடி. தடுப்பு ஊசியோடு நில்லாமல், இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்தவேண்டும் என்றார். ஏழு வயதுக் குழந்தையின் உதட்டில்! அவளுடைய காலை நாம் பிடித்துக்கொண்டோம். "மாமா, நீங்கள்தானே ஒன்றும் செய்யமாட்டான் என்று சொன்னீர்கள்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு அன்று வாய் திறக்கவில்லை.

நம் பாட்டனார் காலத்தில் இதற்குத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவார்கள். 1907-ல் குன்னூரில் ஏற்பட்ட பாஸ்டர் ஸ்தாபனத்தைப் பற்றி அவர் கதை கதையாய்ச் சொல்வார். அந்தப் பழைய மருந்தை 2004-ஆம் வருஷத்தோடு நம் தேசத்தில் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தோலுக்குள் சிறிய ஊசிகள்: முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் நாமே கூடப் போனோம். ஊசி சிறிதானாலும் குழந்தையின் அழுகை சிறிதாகவில்லை.

நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோயின் விஷம் இருந்திருந்தால், பத்து நாளைக்குள் நாய்க்கு நோய் கண்டு இறந்துவிடும். அந்தப் பத்து நாளும் நம் வீட்டில் விடியற்காலையில் எழுந்து எல்லோரும் முதலில் செய்த காரியம், துரை தண்ணீர் குடிக்கிறானா என்று பார்த்ததுதான். "குடித்தான்" என்று நமது சகதர்மிணி வேலிக்கு இப்பால் நின்று சொல்வாள். அப்பால் குழந்தையின் தாயார் தலையை மட்டும் அசைப்பாள். முன்பெல்லாம் "அக்கா, அக்கா" என்று நாளைக்குப் பத்துத் தரம் வருகிறவள், அந்தப் பத்து நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மைத்துனர் வந்திருந்தார். "அத்தான், இதற்கெல்லாம் யோசிக்கலாமா? சாக்கில் போட்டு நாற்பது மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பையன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். உண்மையைச் சொன்னால் என்ன? ஒரு ராத்திரி முழுவதும் நாமும் அந்தச் சாக்கைப் பற்றி யோசித்தோம்.

மறுநாள் ஸுபேதார் தாமாகவே வந்தார். நாம் துரையைப் பற்றிய குற்றப் பத்திரிகையை வாசித்தோம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வாத்தியாரய்யா, என் நாய் உறுமினால் தெருவே விலகி நிற்கிறது. அவன் சொன்னது புரிந்துவிட்டது; அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் நாய் உறுமினால் நீங்கள் சிரிக்கிறீர்கள். இரண்டு வருஷமாக அவன் உறுமிக்கொண்டிருக்கிறான், நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் வேறு எந்தப் பாஷையில் பேசுவது?"

பாவ்லாவைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினோமே, அதில் இந்த நாலு வாக்கியம் இல்லை.

அப்புறம்தான் நாம் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தோம். வியன்னா நகரத்துக் கால்நடை வைத்திய சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2010-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டிருக்கிறார்கள். சின்ன நாய்களை வளர்ப்பவர்கள் அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பதும் குறைவு. இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி நடந்துகொள்வதும் அதிகம். அந்த நாய்கள் சொற்படி கேட்பதும் பெரிய நாய்களைவிடக் குறைவு என்பது அதன் சாரம். நம் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டு எழுதியது போல் இருந்தது. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல வருஷம் நாய்க்குட்டிகளோடு காலங்கழித்து 1965-ல் எழுதிய புத்தகமும் உண்டு. குட்டி பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம் வரையில் எதைக் கண்டு பழகுகிறதோ அதற்குப் பின்னால் பயப்படாது என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்தப் பருவத்தில் துரை நமது இடுப்பிலும் மடியிலும் இருந்தான். தெருவும் கூட்டமும் அந்நிய மனிதரும் அவனுக்கு அறிமுகமே ஆகவில்லை.

நேயர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். துரையின் உயரம் ஒரு சாண். நாம் ஐந்தரை அடி. அவனைப் போல் ஏழு மடங்குக்கு மேல். நம்மைவிட ஏழு மடங்குக்கு மேல் உயரமுள்ள, அதாவது நாற்பதடிக்குக் குறையாத, சின்னக் கோபுரம் போன்ற ஓர் ஆசாமி திடீரென்று வானத்திலிருந்து இரண்டு கைகளை இறக்கி, நம்மைக் கேளாமல் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, முகத்தில் முத்தமிட்டால் நாம் என்ன செய்வோம்? அதுவும் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை? நாம் உறுமுவதோடு நிற்போமா என்பது சந்தேகந்தான்.

பதினோராம் நாள் துரையை மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று ஊசி போட்டு வந்தோம். அன்று மாலையே பாடசாலை துவக்கம். ஸுபேதார் தலைமை உபாத்தியாயர், நாம் மாணாக்கர். துரையைவிட அதிகமாகப் பாடம் கற்றது நாம்தான்.

முதல் பாடம், தரையில் உட்காருவது. நின்றபடி உத்தரவிட்டால் சின்ன நாய்க்கு அது பயமுறுத்தலாகவே தோன்றும். ஆகவே நாற்பத்தாறு வயது முழங்கால்களை மடக்கி அவன் மட்டத்துக்கு இறங்கினோம். கூலி விஷயம் அடுத்தது. வீரனுக்குக் கொடுப்பது போல் துண்டு துண்டாகக் கொடுத்தால் துரை நாலாவது துண்டில் வயிறு நிரம்பித் தூங்கிவிடுவான். பட்டாணி அளவில் கால் பாகமாக இட்டிலியைக் கிள்ளி, அதையும் அவனுடைய சாப்பாட்டிலிருந்தே கழித்துக் கொடுக்கவேண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து வெட்டி இழுக்கும் பழக்கத்தை ஸுபேதார் முதல் நாளே நிறுத்திவிட்டார். இந்தச் சிறிய ஜாதிகளுக்கு மூச்சுக்குழல் மென்மையானது, எளிதில் நசுங்கும். மார்பைச் சுற்றிக் கட்டும் வார் ஒன்று வாங்கினோம். தெருவில் தூக்குவது அடியோடு ரத்து. முதல் வாரம் துரை நாலடி வைத்துவிட்டு நம்மைப் பார்த்து அழுதான். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள், "ஏன் ஸார், குட்டியை இப்படி வதைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

பிறகு 'இடம்' என்ற சொல். கூடத்து மூலையில் ஒரு பழைய ஜமக்காளத் துண்டு. "இடம்" என்றால் அதில் போய்ப் படுக்கவேண்டும். அதில் அவன் படுத்திருக்கும்போது நாம் உட்பட யாரும் அவனைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தில் இரண்டாவது பாதியைத்தான் வீட்டார் அனுசரிப்பது கஷ்டமாயிருந்தது. துரை ஒன்பது நாளில் கற்றுக்கொண்டான். நமது மாமியாருக்கு ஆறு மாதமாயிற்று.

எல்லாவற்றிலும் கடினமானது தூக்குகிற பாடம். "தூக்கவா?" என்று கேட்டுக் கையை நீட்டிக் காத்திருக்கவேண்டும். அவன் முன்னால் வந்தால் தூக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வாரம் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நமக்கு அவமானமாகவே இருந்தது. இரண்டு வருஷம் நாம் கொஞ்சியதெல்லாம் அவனுக்குப் பிடிக்கவே இல்லையா? நாலாவது வாரம் ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் வழக்கம்போல் உட்கார்ந்து கேட்டோம். இரண்டடி முன்னால் வந்து, நமது உள்ளங்கையில் மோவாயை வைத்தான். அன்றைக்கு நாம் அவனைத் தூக்கவில்லை. அப்படியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

குழந்தையின் உதட்டில் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது. வளர வளர மங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன நவராத்திரிக்கு அவள் தயங்கித் தயங்கிக் கொலு பார்க்க வந்தாள். துரையைத் தெருச் சத்தம் எட்டாத பின்கட்டு அறையில் விட்டிருந்தோம். சுண்டலை வாங்கிக்கொண்டு, "துரையைப் பார்க்கலாமா, மாமா?" என்று கேட்டாள். அறை வாசலிலேயே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "துரை, இடம்!" என்றாள். அவன் போய் ஜமக்காளத்தில் படுத்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அவளுடைய தாயார் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றே தாம்பூலம் வாங்கிக்கொண்டாள். அவளிடம் நாம் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

சாய்வு நாற்காலி இப்போது நம் வசம் இருக்கிறது. தபால்காரரும் துரையும் சமாதானம். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை மட்டும் இன்னும் குலைத்துத் தீர்க்கிறான். அந்தச் சிலிண்டர் உருளும் சத்தத்துக்கு என்ன செய்வதென்று ஸுபேதாரிடம் கேட்டிருக்கிறோம். காலிச் சிலிண்டர் ஒன்றைத் தெருக்கோடியிலிருந்து உருட்டத் தொடங்கி, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவரவேண்டும் என்கிறார். உருட்டவேண்டியது நாம்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம்.